மாடி மாமியின் பாதிப் பாட்டு

பாட்டும் பேனும் ஒன்றுதான் என்பது மாடி மாமியின் கட்சி. இரண்டும் நம்மைக் கேட்காமல் தலையில் ஏறும். ஏறினால் இறங்காது. சொறியச் சொறிய அதிகமாகும். பேனுக்காவது சீப்பு இருக்கிறது, பாட்டுக்கு அதுவும் கிடையாது. பக்கத்துத் தலைக்கு அனுப்பிவைப்பது ஒன்றுதான் வழி. மாமி இதை வாயால் சொன்னது ஒரே ஒரு முறைதான். மற்ற நாளெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருந்தாள், எங்கள் தலைகளில்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழ்ப்பகுதி எங்களுடையது, மாடி மாமியுடையது. படியில் மெட்டிச் சத்தம் கேட்டால் என் அம்மா, "வந்துண்டிருக்காடி, காதைப் பொத்திக்கோ" என்பாள். மாமியின் கையில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். உறைமோர் வாங்க வந்திருப்பாள். அவள் வீட்டில் மட்டும் எப்படி இத்தனை நாள் மோர் இல்லாமல் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா உள்ளே போய்க் கரண்டியால் மோர் எடுத்து வருவதற்குள் மாமி வேலையை முடித்துவிடுவாள். வாயைத் திறந்து பாடமாட்டாள். உதடு ஒட்டியிருக்கும். மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கிருந்தோ இரண்டு வரி கிளம்பும். மறுபடி அதே இரண்டு வரி. நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, கேட்காதமாதிரி நடிப்பேன். நடிப்பது வீண். "பிடிச்சுண்டாச்சோ?" என்று மாமி கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். தலைவலி விட்டவள் முகத்தோடு மோரை வாங்கிக்கொண்டு படியேறிவிடுவாள். நான் அந்த இரண்டு வரியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி நந்தனத்தில் இறங்கி, எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரில் அதன் தாளத்துக்கே 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது' என்று அடித்துத் தள்ளுவேன்.

நான் மட்டும் பலியில்லை. என் அப்பா பேப்பரில் தலையங்கம் தவிர வேறு எதையும் படிக்காதவர். சிரிப்பதென்றால் கூட யோசித்துச் சிரிப்பவர். அவர் ஒரு நாள் குளியலறையில் காபரே பாட்டு ஒன்றைச் சீட்டியடித்தார். அம்மா வெளியே துண்டும் கையுமாகத் திகைத்து நின்றாள். வெளியே வந்த அப்பாவுக்குத் தான் சீட்டியடித்ததே தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய பலி மாமி வீட்டுச் சிராத்தத்துக்கு வந்த வாத்தியார். மாமி சமையலறையில் துவையல் அரைத்துக்கொண்டே முனகியிருக்கிறாள். கூடத்தில் மாமாவுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியாரின் குரல் மெல்ல மெல்ல ஊஞ்சலாட ஆரம்பித்தது. பிண்டம் வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு தலைமுறையின் பெயரும் முடிகிற இடத்தில் ஒரு குலுக்கல் விழுந்தது. மாமா பவித்திர விரலோடு சமையலறைப் பக்கம் முறைத்தார். அன்றைக்கு அவருடைய பித்ருக்கள் கொஞ்சம் உற்சாகமாகவே சாப்பிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. சங்கீத ரசிகர், அவ்வளவுதான். சினிமாப் பாட்டு என்றால் வீட்டில் யாரோ வாந்தி எடுத்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார். அவர்கள் வீட்டு ரேடியோவுக்கு மரப்பெட்டி, மரப்பெட்டிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி மாமாவின் பூணூலில் தொங்கும். கச்சேரி உள்ள நாளில் மட்டும் சட்டையைக் கழற்றிச் சாவியை எடுத்துத் திறப்பார். முடிந்ததும் பூட்டுவார். மற்ற நேரத்தில் ரேடியோவும் மாமியும் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டியதுதான். மாமி தன்னை மறந்து முனகிவிட்டால் கூடத்திலிருந்து, "என்னடி அங்கே சத்தம்?" என்று வரும்.

"ஒண்ணுமில்லே. விக்கல்" என்பாள் மாமி.

அப்படியானால் இத்தனை பாட்டு இவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சலூன் இருந்தது. கண்ணாடிக்கு மேலே பலகையில் ஒரு ரேடியோ, நாள் முழுக்க சிலோன் ஸ்டேஷன் பாடிக்கொண்டிருக்கும். காய்கறிப் பையோடு போகும் மாமிக்கு அந்த வாசலுக்கு வரும்போது மட்டும் செருப்பு வார் அறுந்துவிடும். குனிந்து பார்ப்பாள். நிமிர்ந்து யோசிப்பாள். மறுபடி குனிவாள். ஆண்கள் முடிவெட்டும் கடை வாசலில் மடிசார் கட்டிய ஒருத்தி எவ்வளவு நேரம்தான் செருப்பைப் பார்க்க முடியும்? நான் கூடப் போயிருந்த ஒரு நாள் சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமி, யாரைத் தேடிக்கினு நிக்கிறீங்க? வூட்டுக்காரரு இங்க வர்லியே."

"இல்லேப்பா. வார் அறுந்துடுத்து."

"நல்லாத்தானே கீது."

மாமி விடுவிடு என்று நடந்துவிட்டாள். தெரு முனையில் என்னிடம், "சரணத்துக்கு ஏறப்போற சமயத்துல கேட்டுட்டான்டி" என்றாள். கண்ணில் தண்ணீர் வராத குறை. பிறகு சலூன்காரருக்கே விஷயம் புரிந்துவிட்டது. "மாமி, வாரு அறுந்துச்சா? அப்டியே நில்லுங்க, சோக்கான பாட்டு வருது" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். ஆனாலும் நடுவில் தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிடுவார்கள். மாமி நகர்ந்தாகவேண்டும். ஆக, அவளிடம் இருந்ததெல்லாம் பாதிப் பாட்டுகள். சிலது கால் பாட்டு. முழுப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

மாமியின் பாட்டு மட்டும் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அவள் குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. பாதியில் விட்டதுதான் காரணம். இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்துத் தடுமாறுவோமே, அதுபோல மனசு அந்த விளிம்பு வரைக்கும் போகும், அங்கே ஒன்றும் இராது, திரும்பி முதலிலிருந்து வரும். முழுப் பாட்டு கேட்டவனுக்குத் தூக்கம் வரும். பாதி கேட்டவன் செத்தான்.

அந்த விக்கல் பாட்டு அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு படத்தில் குடித்துவிட்டு ஒருத்தி ஆடுகிற பாட்டு. இரண்டு வரி, அதன் நடுவில் தாளத்தோடு ஒரு விக்கல். மாமிக்கு அதன்மேல் தனிப் பிரியம். மாமா கேட்டால் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கிறதே. ஒரு வாரம் முழுக்க அதை எங்கள் நடையில் நின்று முனகி, தோளை லேசாக ஒரு குலுக்குக் குலுக்கி விக்கிக் காட்டினாள். சரியாக அந்த வாரக் கடைசியில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

இங்கே என் நிலைமையைச் சொல்லியாகவேண்டும். அதற்கு முன் வந்த பிள்ளை வீட்டார் எல்லோரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுடணும்" என்று சொன்னார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் பெரிய தொகை இல்லை, வேலையும் யாரோ எழுதியதை அடித்துக்கொடுப்பதுதான். ஆனால் காலையில் எழுந்து குளித்து ஒரு பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போகலாம். அதை விட எனக்கு மனசு வரவில்லை. தி. நகர் ஜாதகம் ஒன்று வந்தது. பெண் வேலைக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை என்று பிள்ளையே சொல்லி அனுப்பியிருந்தான். இதை விட்டால் இன்னொன்று அப்படி வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு சிக்கல். பிள்ளையின் அம்மா வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறவள். பெண் பாடவேண்டும்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்றே அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சங்கீதம் ஏற்றிவைத்திருப்பார்கள். என் கையிருப்பில் நல்ல சரக்கு மோகனத்தில் ஒரு தெலுங்குக் கீர்த்தனை. பல்லவி ஒழுங்காகப் போயிற்று. அனுபல்லவியும் பழுதில்லை. தி. நகர் அம்மாள் கண்ணை மூடி மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரணத்தில் ஏறினேன். விக்கினேன்.

"தண்ணி குடும்மா" என்றாள் அந்த அம்மாள், கரிசனமாக.

குடித்தேன். மறுபடி சரணத்தை எடுத்தேன். அதே இடத்தில், தாளத்தின் அதே தட்டில், மறுபடி விக்கல். அந்த அம்மாளின் கை மடியில் நின்றது. கண் திறந்தது. பாட்டு வாத்தியாரம்மாவுக்கு வயிற்று விக்கலுக்கும் தாளத்து விக்கலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அதற்கப்புறம் நடந்தது என் கையில் இல்லை. அந்தக் காபரே மெட்டும் மோகனத்தின் ஓரத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. வார்த்தை கீர்த்தனையுடையது, மெட்டு குடிகாரியுடையது என்று இரண்டு வரி முழுசாகப் பாடிவிட்டு நிறுத்தினேன்.

அப்பா காலண்டரைப் படித்தார். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மெட்டிச் சத்தம் நின்றது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் அழுகை முட்டியது.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊர் தி. நகர்.

அவர்கள் தலை மறைந்ததும் மாமி இறங்கி வந்தாள். கையில் கிண்ணம்கூட இல்லை. நான் அவளை ஒரு பிடி பிடித்தேன். "உங்க பாட்டை உங்க தலையிலேயே வெச்சுக்கக் கூடாதா மாமி? எங்காத்துல வந்துதான் கொட்டணுமா?"

அப்போதுதான் மாமி அந்தப் பேன் சாஸ்திரத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எங்காத்துல அதை வெச்சுக்க இடம் ஏதுடி?" என்றாள். அவள் ஒன்றும் அழவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதற்கப்புறம் மாமி உறைமோருக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் மோர் மிஞ்சியது.

லெட்டரும் வரவில்லை. வந்தது தி. நகர் அம்மாளே. ஒரு மத்தியானம், நான் லீவில் இருந்த நாள், குடையை மடக்கிக்கொண்டு தனியாக வந்து நின்றாள். கோவிலுக்கு வந்தாளாம், அப்படியே எட்டிப் பார்த்தாளாம். அம்மா காப்பி போட உள்ளே ஓடினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒண்ணு பாடினியே."

"தப்பாயிடுத்து மாமி. மன்னிச்சுக்கோங்கோ."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அதுக்கு மேலே எப்படிப் போறது?"

எனக்குப் புரியவில்லை.

"சும்மா முழிக்காதே. பாதியில நிறுத்திட்டா என்ன அர்த்தம்? எங்கிட்ட பாட்டுச் சொல்லிக்க வர குழந்தைகள்ளாம் கீதத்துல விக்கறதுகள். எங்கிட்டேர்ந்துதான் ஒட்டிண்டிருக்கு. நேத்திக்கு சஹஸ்ரநாமம் சொல்றச்சே நானே விக்கினேன். எம்பிள்ளையானா அன்னிலேர்ந்து தனியா சிரிச்சுண்டு உக்காந்திருக்கான். மீதியைச் சொல்லிடு. தலையை விட்டுப் போகட்டும்."

"எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றேன். சத்தியமான வார்த்தை.

"எனக்குத் தெரியும்" என்று வாசலில் குரல் கேட்டது. மாமி. கையில் கிண்ணம். எவ்வளவு நேரமாகப் படியில் நின்றிருந்தாளோ.

"அப்படியா? சொல்லுங்கோளேன்" என்று அந்த அம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்றேன். ஆனா இப்போ வராது. இவ கழுத்துல தாலி ஏறினப்புறந்தான் வரும்."

சமையலறையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

"மிரட்டறேளா?" என்றாள் அந்த அம்மாள்.

"சேச்சே. விஷயத்தைச் சொன்னேன்."

"இவளுக்கு ஸ்ருதியே நிக்கலையே."

"வாஸ்தவம். ஆனா விக்கினாளே, ரெண்டு தரமும் தட்டுல போய் உக்காந்துதா இல்லையா? நீங்க சொல்லுங்கோ. தெரிஞ்சவா நீங்க."

அந்த அம்மாள் யோசித்தாள். மடியில் விரல் தானாக ஒரு தட்டுத் தட்டியது. "உக்காந்துது" என்றாள் வேண்டாவெறுப்பாக. அப்புறம் சிரித்துவிட்டாள். பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அடுத்த வாரம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் வந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் மாமியை அறியாதவர்கள். முகூர்த்தம் நெருங்க நெருங்க அவள் செருப்பு வார் தினமும் அறுந்தது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பூ வாங்கப் போகும்போது என்னையும் சலூன் வாசலில் நிறுத்திவிட்டாள். சலூன்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாமி, எத்தினி நாளா நின்னுக்கினு கீறீங்க. அந்த விக்கல் பாட்டு இனிமே வராது. படம் பூட்ச்சு. ஒரே வாரத்துல பொட்டி திரும்பிப் போய்ட்ச்சு. ரேடியோவுலயும் போடறதில்ல."

நான் மாமி பக்கம் திரும்பினேன். "மாமி, உங்களுக்கு மீதி தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமயா அப்படிச் சொன்னேள்? தாலி கட்டின கையோட வந்து கேப்பாளே. ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா முதல் நாளே எம்மேல பாய்வா. வேலைக்கு அனுப்பமாட்டா. நான் என்ன பண்ணுவேன்?"

"நீ பூவைப் பாரு" என்றாள் மாமி. அன்று அவள் முகத்தில் பாட்டே இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் நிஜமாகப் பயந்தேன்.

கல்யாணத்தில் தாலி கட்டியாயிற்று, பந்தியும் முடிந்தது. என் மாமியார், இனி அப்படித்தான் சொல்லவேண்டும், பட்டுப்புடவை சரசரக்க மாமியைத் தேடி வந்து, "ம்?" என்றாள். கூடத்தில் மாமா முதல் வரிசை நாற்காலியில் பூணூலும் சாவியுமாக நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி எங்கள் இரண்டு பேரையும் சத்திரத்தின் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பூசணிக்காய்க்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நின்றோம். நான் மாலையோடு.

மாமி முனகவில்லை. முதல்முறையாக வாயைத் திறந்து பாடினாள். அந்த இரண்டு வரி வந்தது, விக்கல் வந்தது, நாங்கள் எல்லோரும் இத்தனை மாதமாகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்த விளிம்பு வந்தது, மாமி அதைத் தாண்டினாள். மெட்டு மேலே போகும் என்று நினைத்தேன், அது சரிந்து கீழே போயிற்று. கீழே போய் ஒரு இடத்தில் தயங்கி, ஒரு சின்ன விக்கல், மறுபடி பொறுமையாக ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. குடிகாரி பாட்டாக இருந்தது கடைசியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. வார்த்தைக்குப் பதில் வெறும் தானனாதான். யார் அதைக் கேட்டார்கள்?

மாமியார் அரிசி மூட்டைமேல் தாளம் போட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தரம் பாடச்சொன்னாள். "அதானே. இப்படித்தான் இறங்கணும்னு நெனைச்சேன்" என்றாள்.

"எங்கே பிடிச்சேள் மாமி?" என்று நான் காதோடு கேட்டேன்.

"கெடைச்சுது. ஒனக்கென்ன, வேலைக்குப் போ" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைவலி விட்டவள் முகம்.

வேலைக்குப் போனேன். என் மாமியார் லேசான மாமியார் இல்லை. ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் அதை ஒரு வாரம் பேசுவாள். ஆனால் சமையலறையில் எங்களுக்குள் எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும், யாராவது ஒருத்தி தன்னை அறியாமல் அந்த முதல் பாதியை ஆரம்பித்துவிடுவாள், மற்றவள் இரண்டாவது பாதியை முடித்துவைப்பாள். அதற்குமேல் சண்டை போட முடியாது. வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்குக்கூட மாமியார் அந்த இரண்டாவது பாதியைத் தானனாவில் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததுண்டு. "இறங்கறதுன்னா எப்படி இறங்கணும், பாருங்கோ" என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கினார். பெண் பார்த்த அன்றைய கதையை அவர் விடுகிற மாதிரி இல்லை. மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறி எப்படியோ அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து, டேப்பில் பதிவு பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு சாயங்காலம் தன் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினார்.

இரண்டு வரி வந்தது. விக்கல் வந்தது. விளிம்பு வந்தது. அதற்கப்புறம் வந்தது நாங்கள் கேட்டேயிராத ஒரு சரக்கு. டமுக்கு டமுக்கு என்று எங்கேயோ ஏறி, ஆண்கள் கும்பலாக ஆஹா சொல்லி, டிரம்பெட் ஊதி, நொண்டியடித்து முடிந்தது.

"தப்பாப் பாடறா. நிறுத்துடா" என்றாள் மாமியார்.

"அம்மா, இதான் ஒரிஜினல்."

"ஒரிஜினல்னா சரியாயிடுமா? இறங்க வேண்டிய எடத்துல ஏர்றா, அசடு."

நான் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றேன். படியில் இறங்கிவந்து கிண்ணத்தோடு நின்ற ஒருத்தி, பாதிப் பாட்டு பொறுக்கித் தின்றவள், என் பிழைப்புக்காக மீதியைத் தானே போட்டிருக்கிறாள். எங்கே வைத்துப் போட்டாள்? துவையல் அரைக்கும்போதா? சத்தம் வராமல் எப்படிப் போட்டாள்? எனக்கு அவள்மேல் வந்த பிரியம் அப்போது தாங்க முடியாததாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெசன்ட் நகர் போனேன். மாமி அங்கே பெரிய பிள்ளையோடு மாடி ஃபிளாட் ஒன்றில் இருந்தாள். மறுபடியும் மாடி. மாமா பால்கனியில் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பழைய ரேடியோ பேப்பர்காரனிடம் எடைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. சாவி மட்டும் பூணூலில் இன்னும் தொங்கியது.

மாமியின் பக்கத்தில் பேரனுடைய டிரான்சிஸ்டர் இருந்தது. "இப்பல்லாம் நாள் முழுக்க இவர் காதுல விழாம கேக்கலாம். கேக்கறேன். முழுசு முழுசா" என்றாள். அப்புறம், "ஒண்ணும் ஒட்டமாட்டேங்கறதுடி" என்றாள்.

நான் டேப் விஷயம் எதையும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி அந்த இரண்டாவது பாதியை எடுத்தேன். சரிந்து கீழே போய்த் தயங்குகிற இடம் வரைக்கும் பாடியிருப்பேன். மாமி கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"நன்னா இருக்கே. யார் போட்டது?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. சாமான் அறையில் எங்களுக்குக் கொடுத்தாள், அவள் தலையிலிருந்து போய்விட்டது. அவள் சாஸ்திரப்படியே நடந்திருக்கிறது.

"நீங்கதான் மாமி. எங்க கல்யாணத்தன்னிக்கு. எங்க மாமியார் அதுதான் சரிங்கறா. சினிமாக்காரா பாடினது தப்பாம்."

மாமி பால்கனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சின்னப் பெண்மாதிரி முகம் சிவந்துபோயிற்று.

"நானா?"

"நீங்கதான்."

"மீதியைப் பாடு."

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அடுத்த தரம் வரச்சே பாடறேன் மாமி."

"அடி கழுதே, எங்கிட்டயேவா?" என்றாள். கோபத்தில் சொன்னது இல்லை.

நான் படி இறங்க ஆரம்பித்தேன். முதல் திருப்பத்திலேயே மேலேயிருந்து அது கேட்டது. உதடு ஒட்டிய முனகல். சரிந்து கீழே போயிற்று, தயங்கும் இடம் வந்தது, அங்கே நின்று தடுமாறியது, திரும்ப முதலிலிருந்து வந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி அங்கே சத்தம்?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லே" என்றாள் மாமி. "விக்கல்."